கோலமும் பெயரும்: படக்கருவியின் முன் அமர்ந்தோர்

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள். இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள களுத்துறையில், கடலோர வீடு ஒன்றில், நடுத்தர வயதுடைய ஓர் ஆங்கிலப் பெண்மணி நண்பகல் வெப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். காசுமீரச் சால்வை அவர் உடலைச் சுற்றியிருந்தது. கூந்தல் அவிழ்த்து விடப்பட்டிருந்தது. பின்புலமாக வைக்கப்பட்ட தென்னங்கீற்றின் கூரிய முனைகள் தலையில் குத்தின. அவரை அந்தக் கோலத்தில் நிறுத்திய மூதாட்டி, முற்றிலும் இயல்பாக இருக்கும்படி அவருக்குச் சொன்னார்.

நின்றவர் மேரியேன் நார்த். உலகெங்கும் பயணம் செய்து மரஞ்செடிகொடிகளை வண்ண ஓவியமாகத் தீட்டியவர். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவர் சிங்கப்பூருக்கும் சரவாக்கிற்கும் வந்து சென்றிருந்தார். சரவாக்கின் குடுவைத் தாவரங்களுள் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைப் படம் பிடித்த மூதாட்டி ஜூலியா மார்கரெட் கேமரன், நிழற்படக் கலையின் முதல் நூற்றாண்டு கண்ட பெருங்கலைஞர்களுள் ஒருவர். இவ்வளவு பாடுபட்டும் கண்ணாடித் தகட்டில் விழுந்தது சுவையற்ற, மிகச் சாதாரணமான ஒரு பெண்ணின் உருவமே என்று நார்த் பின்னாளில் தம்மைத் தாமே எள்ளி எழுதினார். கோலம் கட்டியும் ஆள் மாறவில்லை.

அதே நாள்களில் நடந்த இன்னொன்றையும் நார்த் எழுதி வைத்திருக்கிறார். அவ்வூர் மக்களையும் கேமரன் படம் எடுத்தார். அவர்களுள் ஒருவருடைய முதுகின் அழகில் மயங்கி, அவரைத் தோட்டக்காரராக அமர்த்திக்கொள்ளும்படி தம் மகனை வற்புறுத்தினாராம். கேமரனுக்கோ தோட்டமே இல்லை. அந்த மனிதருக்கோ அச்சொல்லின் பொருளே தெரியாது என்று நார்த் நகையாடுகிறார். அந்த ஆங்கிலச் சொல் அவருக்குத் தெரியாது என்றே நாம் கொள்ள வேண்டும். தோட்டம் என்றால் என்னவென்று தெரியாத உழைப்பாளி அக்கால இலங்கையில் அரிது.

ஒரே வீடு, ஒரே படக்கருவி. அதன் முன் ஒருவர் பெயரோடு நின்றார்; மற்றவர் ஒரு முதுகாக நின்றார். படக்கருவியின் முன் அமரும் மனிதர் வேறொருவராக மாறுகிறார் என்பதை இன்று அனைவரும் அறிவோம். விளம்பரப் பலகைகளில் நாம் காணும் மாடல்கள் அதைத் தொழிலாகவே செய்கின்றனர். அந்த மாற்றத்தை நிகழ்த்துவது யார், அமர்ந்தவரா எடுத்தவரா, மாறிய பிறகு அமர்ந்தவரின் பெயர் என்ன ஆகிறது என்பவையே இவ்வுரையில் நாம் எழுப்பும் கேள்விகள். அவற்றை ஆராயக் கேமரனின் வாழ்வைவிடப் பொருத்தமான சான்று நமக்குக் கிட்டவில்லை.

கேமரன் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. 1838இல் அவர் மணந்துகொண்ட சார்லஸ் ஹே கேமரன் சட்ட அறிஞர்; இலங்கையில் இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியத்தை ஒழிக்கப் பரிந்துரைத்த கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவின் இரண்டாம் பெயர் அவருடையதே. கட்டாய உழைப்பை எதிர்த்து எழுதிய அதே மனிதர் இலங்கை மலைநாட்டில் நிலம் வாங்கிக் காப்பி பயிரிட்டார். அந்தக் காப்பியைப் பறித்தவர்கள் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலையேறிய தமிழர்கள். குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி 1860இல் வைட் தீவின் பிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் குடியேறியபோது தம் இல்லத்திற்கு வைத்த பெயர் டிம்போலா. அது அவர்களுடைய இலங்கைத் தோட்டத்தின் பெயர். அக்குடும்பத்தின் வருவாய்க்கு அத்தோட்டங்கள் பெரும் ஆதாரமாக இருந்தன. ஆகவே, பின்வரும் கதையில் வரும் ஒவ்வொரு கண்ணாடித் தகட்டின் விலையிலும் மலையகத் தமிழரின் வியர்வை ஒரு துளியேனும் கலந்திருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

1863ஆம் ஆண்டு திசம்பரில், நாற்பத்தெட்டு வயதான கேமரனுக்கு அவருடைய மகளும் மருமகனும் ஒரு படக்கருவியைப் பரிசளித்தனர். பொழுதுபோக்காக இருக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். அவரோ வீட்டின் நிலக்கரி அறையை இருட்டறை ஆக்கினார். கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டைப் படப்பிடிப்புக் கூடம் ஆக்கினார். கோழிகளின் இடத்தில் கவிஞர்களும் அறிஞர்களும் பணிப்பெண்களும் குழந்தைகளும் வந்து அமர்ந்தனர்.

அக்காலத்தில் படம் எடுப்பது எத்தகைய வேலை என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. கைப்பேசியை நீட்டி நொடியில் பத்துப் படம் எடுக்கும் தலைமுறைக்கு அது ஒரு வேள்வி போலத் தோன்றலாம். கண்ணாடித் தகட்டைத் துடைத்து மெருகேற்ற வேண்டும். கொலோடியன் என்னும் பசைநீரை அதன்மேல் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை சீராக ஓடவிட வேண்டும். பிறகு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படக்கருவியில் பொருத்தி ஒளிகாட்டி, ஈரம் காய்வதற்குள்ளேயே இருட்டறைக்குக் கொண்டுபோய் உருத்துலக்க வேண்டும். காய்ந்தால் படம் இல்லை. வெள்ளி உப்பு பட்ட கை கறுத்துப் போகும். கேமரனின் கைகளும் உடைகளும் எப்போதும் கறைபட்டே இருந்தன என்று அவரைக் கண்டவர்கள் எழுதியிருக்கின்றனர்.

அமர்ந்தவரின் பாடு இதைவிடக் கடினம். கேமரன் பெரிய தகடுகளை விரும்பினார். முகத்தை அருகில் வைத்து எடுத்தார். வெளிச்சத்தைத் திரையிட்டுக் குறைத்தார். இவற்றால் ஒளிகாட்டும் நேரம் நீண்டது. மூன்று முதல் ஏழு நிமிடம் வரை அசையாமல் இருக்க வேண்டும். ஜெனோபியா அரசியாகக் கோலம் பூண்டு அவர்முன் அமர்ந்த ஒரு பெண் அந்தத் துன்பத்தைப் பின்னாளில் பெயர் குறிப்பிடாமல் எழுதினார். முதல் நிமிடத்தில் அலறிவிடலாம் போல் இருந்ததாம். அடுத்த நிமிடத்தில் கண்கள் தெறித்து வெளியே விழுந்துவிடும்போல் தோன்றியதாம். தலைக்குப் பொருந்தாத பெரிய மணிமுடி வேறு நழுவிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நிமிடத்தில் அவரால் தாங்க முடியவில்லை.

இங்கே தொல்காப்பியம் நமக்குத் துணைக்கு வருகிறது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். அதனை எட்டு வகையாகப் பகுத்தனர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் இவ்வெட்டில் ஐந்து நிமிடம் முகத்தில் நிலைத்து நிற்கக்கூடியது எது என்று எண்ணிப் பார்க்கலாம். நகை ஒரு நிமிடத்தில் இளிப்பாகிவிடும். வெகுளி தளர்ந்துவிடும். மருட்கை விரிந்த கண்களோடு முடிந்துபோகும். கூத்தில் வேடம் கட்டியவர் அசைவால் உணர்வைக் காட்டுவார். இங்கே அசைவே தடை. ஆதலால், அமர்ந்தவர் வருவித்துக்கொண்ட பாவனைகளெல்லாம் முதல் ஓரிரு நிமிடங்களில் உதிர்ந்துவிடுகின்றன. அதன்பின் எஞ்சுவது பெருமிதமோ, பெருமிதம் போலத் தோன்றும் களைப்போ. கேமரனின் படங்களில் நாம் காணும் ஆழ்ந்த அமைதியில் பாதி அந்தக் களைப்பு என்பது நம் கருத்து. மூச்சின் சிறு அசைவும் தகட்டில் பதிந்து முகத்தின் ஓரங்கள் மங்கின. அக்கால நிழற்படச் சங்கத்தார் அதைப் பிழை என்றனர். கேமரனோ, கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் நிறுத்திவிடுவதாகவும், மேலும் கூர்மையாக்க வில்லையைத் திருகுவதில்லை என்றும் விடை சொன்னார்.

அவர்முன் அதிகமாக அமர்ந்தவர் மேரி ஹில்லியர், வைட் தீவில் பிறந்த பணிப்பெண். காலையில் வீட்டு வேலை. அழைப்பு வந்தால் முக்காடிட்டுக் குழந்தை ஒன்றை மடியில் ஏந்திக் கன்னி மரியாளாக அமர வேண்டும். கிரேக்கப் பெண் கவிஞர் சாப்போவாகவும் அவர் உருமாறினார். மரியாளாக எத்தனை முறை அமர்ந்தார் என்றால், ஊரார் அவரை மேரி மடோனா என்றே அழைக்கத் தொடங்கினர். கோழிக்கூட்டில் பூண்ட கோலம் தெருவரை அவரைத் தொடர்ந்து வந்தது. அவருடைய முகத்தில் அழகைவிட ஒரு திறமையை நாம் காண்கிறோம். ஐந்து நிமிடம் அசையாமல், ஆனால் கல்லாகிவிடாமல் இருப்பது எளிதன்று. தாய்மையையும் துயரத்தையும் இமை அசையாமல் தாங்கி நிற்கும் பயிற்சி அவருக்கு இருந்தது. அதை நடிப்பு என்று அழைக்க அக்காலத்தார் யாரும் எண்ணவில்லை. எசமானி சொன்னார், பணிப்பெண் அமர்ந்தார், அவ்வளவே.

மற்றொரு மேரியின் கதை நாடகத்தையே விஞ்சும். மேரி ரயன் அயர்லாந்துக்காரர். சிறுமியாக இருந்தபோது இலண்டனை அடுத்த பட்னியில் தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்தவரைக் கேமரன் தம் வீட்டுக்கு அழைத்து வந்தார். வளர்ந்தபின் அவர் பணிப்பெண்ணானார், படங்களுக்கும் அமர்ந்தார். 1865இல், சேக்சுபியர் நாடகத்தில் கோமகனின் மகளாக வரும் மிராண்டாவாக அவர் தோன்றினார். இலண்டனில் கேமரன் நடத்திய ஒரு கண்காட்சியில் ஹென்றி காட்டன் என்னும் இளைஞர் அவரைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். 1867இல் இருவரும் மணந்துகொண்டனர். அவர்களையே ரோமியோவும் ஜூலியட்டும் ஆக்கி ஒரு படம் எடுத்துவிட்டார் கேமரன். காட்டன் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். அசாமின் தலைமை ஆணையர் ஆனார். இந்தியர்களின் உரிமைக்காகப் பரிந்து எழுதினார். 1904ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய இந்திய தேசியக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். பட்னியில் கையேந்திய சிறுமி காட்டன் சீமாட்டி ஆனார். இங்கே படக்கருவி ஒரு பொய்யைச் சொல்லிற்று, பிறகு வாழ்க்கை அதை மெய்யாக்கிற்று.

இதன் மறுதலையையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். ஆக்சுபோர்டுக் கல்லூரித் தலைவர் ஒருவரின் மகளான ஆலிஸ் லிடலை, 1858இல் கந்தலாடை உடுத்திப் பிச்சைக்காரச் சிறுமியாக நிற்கவைத்துப் படம் எடுத்தார் லூயிஸ் கரோல். 'அற்புத உலகில் ஆலிஸ்' நூலுக்குப் பெயர் தந்த அதே ஆலிஸ்தான். கல்லூரித் தலைவரின் மகள் கந்தல் அணிந்தாள். கந்தலில் பிறந்தவள் கோமகனின் மகளானாள். எனினும், ஆலிசின் கந்தல் அன்று மாலையே களையப்படும் என்பது அனைவருக்கும் தெரியும். மேரி ரயனுக்கு அந்த உறுதி இல்லை. அவருக்குத் திருமணம் நிகழாதிருந்தால் மிராண்டாவின் ஆடையைக் களைந்துவிட்டுத் தேநீர்த் தட்டை ஏந்தியிருப்பார். படகுத்துறையில் மூட்டை சுமந்த தொழிலாளி ஒருவரைக் கேமரன் ஆர்தர் மன்னராக்கினார். படம் முடிந்ததும் அம்மன்னர் துறைக்குத் திரும்பினார்.

கேமரனின் படங்களில் ஒரு வேறுபாடு நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. டென்னிசன், கார்லைல், டார்வின், ஹெர்ஷல் ஆகிய ஆண்களைப் பெரும்பாலும் அவர்களாகவே எடுத்தார். வானியல் அறிஞர் ஹெர்ஷலின் வெண்முடியைக் கழுவிக் கலைத்துவிடச் செய்தார் என்பர். அந்தக் கலைந்த முடியே அவரை ஒரு தீர்க்கதரிசியாகக் காட்டுகிறது. ஆனாலும் படத்தின் பெயர் ஹெர்ஷல்தான். பெண்களோ மரியாளாகவும் சாப்போவாகவும் பருவமாகவும் பண்பாகவும் மாற வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அவருடைய உறவினரான வர்ஜீனியா வுல்பும் கலைத் திறனாய்வாளர் ராஜர் பிரையும் 1926இல் அப்படங்களைத் தொகுத்து வெளியிட்டபோது, புகழ்பெற்ற ஆண்களும் அழகிய பெண்களும் என்ற பொருள்படத் தலைப்பிட்டனர். வுல்ப் அதைக் குறும்பாகவே வைத்திருப்பார் என்று நாம் எண்ணுகிறோம்.

இன்னும் ஒன்று. தம் படங்கள் பலவற்றின் அடியில், உயிருள்ளோரைப் பார்த்து எடுத்தது என்று பொருள்படக் கேமரன் தம் கையால் எழுதினார். கீழே தம் பெயரையும் பதிப்புரிமையையும் எழுதினார். அந்த உயிருக்கு உரியவரின் பெயர் எழுதப்படாத தகடுகள் பல.

இதற்கு முற்றிலும் மாறான ஒருவர் அதே காலத்தில் பாரிசில் வாழ்ந்தார். காஸ்திலியோனே கோமகள் என்னும் இத்தாலியச் சீமாட்டி 1856 முதல் பியேர் லூயி பியர்சன் என்பவரின் கூடத்தில் நானூறுக்கும் மேற்பட்ட படங்களுக்கு அமர்ந்தார். உடையைத் தேர்ந்தவர் அவர், நிலையை வகுத்தவர் அவர், செலவும் அவருடையதே. பியர்சன் சொன்னபடி செய்தார். அரசியாகவும் துறவியாகவும் அந்தக் கோமகள் மாறினார். ஒரு படத்தில் வெற்றுச் சட்டம் ஒன்றைக் கண்முன் பிடித்து அதன் துளை வழியே நம்மையே உற்றுப் பார்க்கிறார். அமர்ந்தவரே ஆக்கியோனாகவும் இருக்க முடியும் என்பதற்கு அவர் சான்று. அதற்கு அவரிடம் பணம் இருந்தது.

கேமரனின் இறுதிக் காலத்துக்கு வருவோம். 1869 முதல் இலங்கைக் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கியிருந்தது. முதுமையும் பணமுடையும் சூழ்ந்த நிலையில், 1875இல் கணவனும் மனைவியும் இலங்கைக்குப் புறப்பட்டனர். அவர்கள் தங்களுக்கான சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுபோனதாகவும், அவற்றுள் பாத்திரங்களை அடுக்கியிருந்ததாகவும் சொல்வர். களுத்துறையில் மகனோடு தங்கிய கேமரன் அங்கும் படம் எடுத்தார். வெப்பத்தில் கொலோடியன் விரைந்து காய்ந்தது. மருந்துப் பொருள்கள் கிடைப்பது அரிது. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியுள்ளன.

அவற்றைப் பார்க்கும்போது ஒரு மாற்றம் புலப்படுகிறது. வைட் தீவுப் பணிப்பெண்ணை மரியாளாக்கிய கேமரன், இலங்கைப் பெண்ணை மரியாளாக்கவில்லை. புராணமோ காவியமோ இங்கே குறுக்கே வரவில்லை. அவர்கள் அவர்களாகவே நிற்கின்றனர் என்று மகிழலாம்போல் தோன்றும். ஆயினும் அவர்களாகவே நின்றவர்களுக்குப் பெயர் இருந்திருக்க வேண்டுமன்றோ? டார்வின் டார்வினாக இருந்தார்; இவர்கள் இளம்பெண் என்றும் குடியானவர் என்றும் மட்டும் இருந்தனர். வேடமில்லாத இந்நிலையும் ஒரு வேடமே. ஓர் ஊருக்கும் ஓர் இனத்துக்கும் மாதிரியாக நிற்கும் வேடம் அது. மேரி ஹில்லியர் பூண்ட கோலம் வேலை முடிந்ததும் கழன்றுவிடும். இது கழலாது.

1878ஆம் ஆண்டைச் சேர்ந்த படமொன்று நம்மை நெடுநேரம் நிறுத்திவைக்கிறது. களுத்துறைக் குடியானவர் குழு என்பது அதன் தலைப்பு. அதில் ஒரு சிறுமியும் ஒரு முதியவரும் இருக்கின்றனர். சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்று சொல்கிறார் என்றும், தமக்கு நூறு வயது என்று கூறிக்கொள்கிறார் என்றும் கேமரன் அதில் குறித்திருக்கிறார். சொல்கிறார், கூறிக்கொள்கிறார் என்னும் வினைகளில் எழுதியவரின் ஐயம் தெரிகிறது. பன்னிரண்டு வயது மகளுக்கு நூறு வயதுத் தந்தையா என்ற வியப்பு அது. ஆனால் அந்த ஐயத்தின் தயவால்தான் அம்முதியவரின் பேச்சு நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுத்தும் பிறப்புச் சான்றும் இல்லாத ஓர் ஊரில், யாரோ ஒரு துரைசானி வயதைக் கேட்கிறார். முதியவர் நூறு என்கிறார். நம் பாட்டன்மாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அது கணக்கன்று, தாம் யார், எத்தனை காலம் கண்டவர் என்று அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். ஆர்தர் மன்னரைக் கேமரன் ஆக்கினார். நூறு வயதுப் பெரியவரை அவரே ஆக்கிக்கொண்டார். பெயரைக் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பார்.

1879ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் கேமரன் திக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கெர்ன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவையிலுள்ள தேவாலய வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவரைச் சூழ்ந்து அன்று காப்பி இருந்தது. பின்னர் தேயிலை வந்தது. கொழுந்து கிள்ளுவோர் தமிழரே.

களுத்துறையில் நிகழ்ந்தது நம் பகுதியில் வணிகமாகவே நடைபெற்றது. சிங்கப்பூரில் 1867இல் செருமானியரான லாம்பர்ட் தொடங்கிய நிழற்பட நிறுவனம் இவ்வட்டாரத்திலேயே பெயர்பெற்று விளங்கியது. ஆளுநர்களும் சுல்தான்களும் அதன் கூடத்தில் பெயரோடு அமர்ந்தனர். நூற்றாண்டின் திருப்பத்தில் அஞ்சலட்டைகள் பெருகியபோது, செட்டியாரும் மாட்டுவண்டிக்காரரும் நாவிதரும் அவற்றில் ஏறினர். ஐரோப்பாவிலிருந்த ஓர் அத்தைக்கோ நண்பருக்கோ, கீழை நாட்டார் இப்படித்தான் இருப்பர் என்று காட்டுவதற்கான படங்கள் அவை. தமிழராயின், அக்காலத்தில் வழங்கிய 'கிளிங்' என்னும் இகழ்ச்சி தோய்ந்த சொல்லே பெரும்பாலும் அடியில் அச்சாகியிருக்கும். சவரம் செய்வதுபோல் கூடத்தில் அமரவைக்கப்பட்ட ஒருவர் உண்மையிலேயே அத்தொழிலர்தாமா என்பதைக்கூட அந்த அட்டையைக் கொண்டு நாம் முடிவு செய்ய இயலாது. அதைப் பாடநூலில் சான்றாகக் காட்டும் ஆசிரியர்கள் இதனை மாணவர்களிடம் சொல்லிவிடுவது தக்கது.

பிறகு காலம் திரும்பியது. காந்தோனீசுக் குடும்பத்தார் ஒருவர் ஹில் தெருவில் நடத்திய லீ பிரதர்ஸ் போன்ற கூடங்கள் சிங்கப்பூரில் தோன்றின. இக்கூடத்தில் எடுத்த முகப்படங்கள் பெருந்தொகையாக இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அங்கே அமர்ந்தவர்கள் யாரும் இழுத்து வரப்பட்டவர்கள் அல்லர். காசு கொடுத்து, தாமே விரும்பி, இருப்பதில் நல்ல உடையை உடுத்தி வந்தவர்கள். காஸ்திலியோனே கோமகளுக்கு வாய்த்தது ஒரு வெள்ளி இரண்டு வெள்ளியில் எல்லார்க்கும் வாய்க்கத் தொடங்கியது. மலாயாவின் சிறுபட்டணங்களுக்கும் இக்கூடங்கள் பரவின. தீட்டிய திரையில் ஒரு மாளிகைப் படிக்கட்டு. பூச்சாடி வைத்த சிறு மேசை. ஆணிமாட்டியில் இரவலாக ஒரு கோட்டு. பால்மரம் சீவியவர் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து, அந்தக் கோட்டை அணிந்து, கைக்கடிகாரம் தெரியும்படி மேசைமேல் கையூன்றி நின்றார். மணமான பெண் புதுச்சேலையின் கொசுவம் கலையாமல் நின்றார். ஊரில் இருக்கும் தாய்க்கு அனுப்ப வேண்டிய படம் அது. நலமாக இருக்கிறோம் என்று சொல்ல வேண்டிய முகம்.

அது பொய்யா என்று கேட்போர் உண்டு. கோட்டு இரவல்தான், படிக்கட்டு திரைதான். ஆனால் அந்தக் கோலத்தைத் தேர்ந்தவர் அமர்ந்தவரே. அஞ்சலட்டையில் தம்மை யாரோ ஒரு சொல்லுக்குள் அடக்கியதற்கு, அறிந்தோ அறியாமலோ, அந்த நிமிடத்தில் அவர் விடை சொன்னார். ஒளிகாட்டும் நேரம் இப்போது நொடிகளாகச் சுருங்கிவிட்டது, நினைத்திருந்தால் சிரித்திருக்கலாம். இருந்தும் அப்படங்களில் சிரிப்பு குறைவு. மெய்ப்பாடுகளில் அவர்கள் பெருமிதத்தையே தேர்ந்தனர்.

நம் இல்லங்களில் இன்னும் அத்தகைய படங்கள் உள்ளன. சிலவற்றின் பின்புறத்தில் மங்கிய மையில் பெயரும் ஊரும் நாளும் இருக்கின்றன. பலவற்றில் கூடத்தின் முத்திரை மட்டுமே இருக்கிறது. எடுத்தவரின் பெயர் இருக்க, அமர்ந்தவரின் பெயர் இல்லை. இவர் இன்னார், இவர் பெரியப்பாவின் மாமனார், இந்தச் சேலை தைப்பூசத்துக்கு வாங்கியது என்று விரல்வைத்துச் சொல்லக்கூடிய பாட்டி ஒருவர் சில வீடுகளில் இருக்கிறார். மை ஊறும், பேனா முனை படத்தை அழுத்தும். மென்மையான பென்சிலால், பின்புறத்து ஓரத்தில், அழுத்தாமல் எழுதினால் படத்துக்குக் கேடில்லை.